ஈரறையும் ஓரறையும்: கடாரத்துக் குடும்பங்களும் கூடாரமும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், கூலிம் வட்டாரத்துச் சுங்கை செடிம் ஆற்றங்கரையிலும், குனோங் ஜெராய் மலையடிவாரத்துத் துப்பா அருவிப் பக்கத்திலும், பாலிங் பகுதியின் லாத்தா பாயூவிலும் துணிக்கூடாரங்கள் முளைத்துவிடுகின்றன. அவற்றுட் பல தமிழ்க் குடும்பங்களுடையவை. பாட்டனார் ரப்பர்த் தோட்டத்திற் பால்மரம் வெட்டியவர். மகன் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். பேரப்பிள்ளைகள் பட்டணத்திற் பிறந்தவர்கள். கூடாரம் வாங்கக் கடைக்குச் செல்லும் இத்தகைய குடும்பம் முதலில் நோக்குவது பொதியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை. நால்வர்க்கு, அறுவர்க்கு, எண்மர்க்கு என்று அது சொல்லும். ஐந்து பேருள்ள வீட்டார் அறுவர்க்கென்றதை வாங்கினால் ஓரிடம் மிஞ்சும் என்று கணக்கிடுகிறார்கள். முதல் இரவிலேயே அக்கணக்குப் பொய்த்துவிடுகிறது. துணிப்பைகளை வைக்க இடமில்லை. பாட்டியால் உள்ளே நிமிர்ந்து நிற்க இயலவில்லை. மூத்த பெண் உடை மாற்றிக்கொள்ளக் கழிப்பறைக் கட்டடத்தைத் தேடி இருட்டில் நடக்கவேண்டியிருக்கிறது.

அந்த எண் எவ்வாறு வந்தது? மல்லாந்து கிடக்கும் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 2 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் போதும் என்று கொண்டு, கூடாரத்தின் தரையை அவ்வளவால் வகுத்து எடுத்த எண் அது. படைவீரரைக் கிடத்துவதற்கு வகுத்த கணக்கு என்று சுருங்கச் சொல்லலாம். குடும்பம் என்பது கிடக்கும் உடல்களின் கூட்டுத்தொகையன்று என்பதை அது அறியாது. கெடாத் தமிழர் அக்கணக்கைக் கூடாரக் கடையில் இன்று புதிதாகச் சந்திக்கவில்லை. அவர்தம் பாட்டன்மார் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தனர். அந்த வரலாற்றைச் சிறிது அறிந்தவர்க்கே கூடாரம் தெரிந்தெடுப்பதும் எளிதாகும்.

கடாரம், கூடாரம் என்னும் இரு சொற்களும் ஓசையால் ஒட்டியிருத்தல் கண்டு உறவு கற்பிக்க எவர்க்கும் ஆசை எழும். ஓசை ஒப்புமையையன்றி வேறு சான்று அதற்கில்லை. கடாரம் கெடாவின் பழம்பெயர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மறுகுகளிற் குவிந்த பண்டங்களை அடுக்குமிடத்துக் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்ல, உரைகண்ட நச்சினார்க்கினியர் காழகம் என்பது கடாரமே என்றார். முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவிற் கப்பற்படை செலுத்திக் கடாரத்தரசனை வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் உள்ளது. பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பெற்று 1960-இல் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயிலை இன்றும் காணலாம். அங்கே கருவறைப் பகுதி கல்லாலானது. முன்மண்டபத்தில் எஞ்சி நிற்பவை மரத்தூண்களைத் தாங்கிய கல்லடிகளே; மேலிருந்த கூரை மரமும் ஓலையுமாய் இருந்து மழையில் இற்றுப்போயிற்று என்பர். கெடாவின் மழைக்கு எது நிற்கும், எது நில்லாது என்பதற்குக் கூடாரம் வாங்குவோர் பார்க்கத்தக்க முதற்பாடம் அம்மண்டபமாகும்.

கூடாரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பாசறை, பாடி, பாடிவீடு, படைவீடு என்பன. எல்லாம் படையோடு பிறந்தவை. முருகப்பெருமானுடைய ஆறு திருப்பதிகளைப் படைவீடு என்று வழங்குகையில் அச்சொல்லின் போர்ப்பொருளை எவரும் இன்று எண்ணுவதில்லை. மலாய்க்காரர் கூறும் கெமா என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. கெடாத் தமிழர் திருமண வீட்டு முகப்பில் வாடகைக்கு எடுத்துப் போடும் துணிப்பந்தலுக்கும் அதே பெயர் வழங்குகிறது. தார்ப்பாய் என்பதோ ஆங்கிலச் சொல்லின் ஓசையைத் தமிழ்ப் பாயாக மடக்கிக்கொண்ட அழகான சொல். கப்பலில் விரிப்பதும் பாய், தரையில் விரிப்பதும் பாய் என்றிருக்கும் மொழியில், தலைக்குமேல் விரிப்பதும் பாயாயிற்று.

பாடிவீட்டின் அமைப்பை நேரிற் கண்டாற்போற் காட்டும் பழம்பாட்டு முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. 103 அடிகளே கொண்ட இது பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. மழைக்காலத் தொடக்கம், காட்டாறு சூழ்ந்த அகன்ற முல்லை நிலம், அங்கே புதர்களை வெட்டிக் களைந்து, காட்டு முள்ளால் வேலி வளைத்துப் பாடி அமைக்கிறார்கள். தழைவேய்ந்த கூரைகள் தெருத்தெருவாக நீள்கின்றன. இவை படைவீரர்க்குரியவை. வில்லை ஊன்றி, அம்புக்கூட்டைத் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்துக்கட்டி எழுப்பிய இருக்கைகளும் உண்டு. அவற்றுக்குப் புலவர் காட்டும் உவமை வியப்பானது: நோன்பிருக்கும் அந்தணன் தன் முக்கோலை நாட்டி, அதன்மேல் காவியாடையைத் தொங்கவிட்டாற்போல இருந்தன அவை என்கிறார். மூன்று கோலும் ஒரு துணியும் சேர்ந்தாற் கூடாரம் என்னும் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

இவற்றுக்கெல்லாம் நடுவே அரசனுக்கு வேறோர் இடம். நெடிய கோல்களை நிறுத்தித் திரைகளைச் சுற்றி வளைத்து எழுப்பியது அது. அதனைக் காத்து நிற்பவர் சட்டையணிந்த யவனர். உள்ளே வலிய கயிற்றில் திரையை இழுத்துக்கட்டி அவ்விடத்தை இரண்டு அறையாகப் பகுத்திருக்கிறார்கள். வாய்பேசாது உடலசைவாற் பேசும் மிலேச்சர் அருகிருந்து ஏவல் கேட்கின்றனர். மங்கையர் நெடுந்திரி விளக்குகளை ஏற்றுகின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுது அறிவிக்கின்றனர். புறவறை ஏவலாளர்க்கு, அகவறை அரசன் பள்ளிக்கு என்று கொள்ளுதல் பொருந்தும். ஒரே கூரையின்கீழ் இருப்போர் எல்லாரும் ஒரேவகையான இருப்பினர் அல்லர் என்பதும், ஆகவே திரை வேண்டும் என்பதும் ஈராயிரம் ஆண்டளவிற்கு முன்னரே தமிழ்ப்புலவர் அறிந்திருந்த செய்திகள்.

ஆயினும் அவ்வளவு இடமிருந்தும் அப்பள்ளியில் உறக்கம் வரவில்லை. அடிபட்ட யானைகளையும் பட்டழிந்த வீரர்களையும் எண்ணி அரசன் விழித்திருக்கிறான். அரசியோ தொலைவில் ஏழுநிலை மாடத்தில் அவன் வரவை நோக்கிக் காத்துக்கிடக்கிறாள். முல்லைப்பாட்டின் உயிர் இந்தப் பிரிவில்தான் உள்ளது. கூடாரம் என்பது குடும்பம் இல்லாத இடம். குடும்பத்தைப் பிரிந்தவன் இருக்கும் இடம். தமிழ் மரபில் மட்டுமன்றி உலக முழுவதுமே நெடுங்காலம் நிலை இதுதான். பாலைவனத்து நாடோடி மக்கள் போன்றோரை நீக்கிப் பார்த்தால், கூடாரத்தை அளந்து வகுத்துப் பெருந்தொகையாகச் செய்தவர்கள் படைத்துறையினரே.

அந்த அளவையின் முதிர்ந்த வடிவம் பிரிட்டிஷ் படையின் மணிவடிவக் கூடாரம். நடுவே ஒரே கம்பம். வீரர்கள் கால்களைக் கம்பத்தின் பக்கம் நீட்டி, தலைகளைச் சுற்றுத்துணியின் பக்கம் வைத்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போலச் சுற்றிப் படுத்தனர். ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து பேர் எனத் திணிப்பது வழக்கமாயிருந்தது. நள்ளிரவில் ஒருவன் எழுந்து வெளியே போகவேண்டுமானால் எத்தனை தலைகளைத் தாண்டவேண்டும் என்பதை அளவு வகுத்தவர் எண்ணியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே ஆட்சியின் அதிகாரிகளுக்கோ அளவு வேறாயிருந்தது. சென்னை மாகாணத்துக் கலெக்டர் ஜமாபந்திக்கு முகாம் போட்டால், உறங்க ஒரு கூடாரம், உண்ண ஒன்று, கச்சேரி நடத்த ஒன்று என வரிசையாக எழும். வெயில் தாங்க இரட்டைக் கூரை, முன்னே தாழ்வாரம், பின்னே குளிக்கும் அறை ஆகியவற்றோடு இந்தியாவிற் செய்யப்பெற்ற அதிகாரிகளின் கூடாரங்கள் பெயர்பெற்றவை. கான்பூரின் ஆலைகள் படைக்கும் அதிகாரத்துக்கும் வேண்டிய கூடாரத் துணியை நெய்து குவித்தன. துணி ஒன்று, கணக்கு இரண்டு.

கெடாத் தோட்டங்களுக்கும் கூடாரத்துக்கும் உள்ள முதல் உறவு, நனையாத துணியால் ஏற்பட்டது. ஸ்காட்லாந்தின் மாக்கின்டாஷ் 1823-இல் இரண்டு துணிகளுக்கிடையே ரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டி நீர்புகாத் துணி செய்தார். அது வெயிலில் இளகிப் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கினால் அக்குற்றம் நீங்குவதைக் கண்டார். அதன் பின்னரே ரப்பர்த்துணி நம்பத்தக்க பொருளாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் காடு அழிந்து ரப்பர்க்காடு எழுந்தபோது, கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களும் தோட்ட நாடாயின. இரண்டு உலகப்போர்களிலும் படைவீரனுக்குக் கீழே விரித்துக்கொள்ளத் தந்த தரைவிரிப்பு ரப்பர் பூசிய துணியே. தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது, எவனோ ஒரு வீரன் ஈரத்தரையில் நனையாமற் படுப்பதற்கான பாலைத் தமிழர் விடியுமுன் எழுந்து வாளிகளிற் சேர்த்துக்கொண்டிருந்தனர்.

இனி அவர்தம் வீட்டைப் பார்க்கவேண்டும். 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் சயாமின் மேலாண்மையிலிருந்து கெடா பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்குள் வந்தது. அதனையொட்டித் தோட்டங்கள் பெருகின; கங்காணிமார் வழியே தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். வந்தவர்க்குத் தோட்டத்துரைமார் கட்டிக்கொடுத்தது லயம். லயம் என்று மக்கள் நாவில் இசைச்சொல்லாய் இனிக்கும் அச்சொல் ஆங்கிலத்தில் வரிசை என்னும் பொருளுடையது. படைவீரர் கொட்டில்களின் வரிசைக்கு வழங்கிய பெயரே தொழிலாளர் கொட்டில்களுக்கும் ஆயிற்று. பெயர் மட்டுமன்று, அளவும் அங்கிருந்தே வந்தது. நீண்ட கொட்டிலைப் பலகைத் தடுப்பால் அறுத்தறுத்து, பத்தடிக்குப் பத்தடியும் பத்தடிக்குப் பன்னிரண்டடியுமாக அறைகள் செய்தார்கள். தடுப்பு பல இடங்களிற் கூரைவரை எட்டுவதில்லை. அறைக்கு இத்தனை ஆள் என்பதே கணக்கு. தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் ஊரில் மனைவி மக்களை விட்டுவந்த தனியாட்கள். தனியாட்கள் மூவர்க்குப் பத்தடி அறை போதும் என்று ஒருவாறு சொல்லலாம். முல்லைப்பாட்டின் பாசறையைப்போலவே அதுவும் பிரிந்தோர் இருப்பிடமாயிருந்தது.

பின்னர்ப் பெண்கள் வந்தனர், பிள்ளைகள் பிறந்தனர். பெண்டிர் உழைப்பும் தோட்டத்துக்கு வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் வருவதைத் துரைமாரும் விரும்பினர். ஆனால் அறை வளரவில்லை. மூவர்க்கென வகுத்த இடத்திற் கணவன், மனைவி, நான்கைந்து பிள்ளைகள், சில வீடுகளிற் கிழவியொருத்தி என்று குடியேறினார்கள். பத்தடிக்குப் பத்தடி என்றால் 100 சதுர அடி. இன்று ‘அறுவர்க்கு’ என்று விற்கப்பெறும் கூடாரங்கள் பலவற்றின் தரையளவும் சரியாக அதுவே. விடுமுறைக்கு இரண்டிரவு படுக்கும் இடத்தின் அளவும், ஒரு தலைமுறை முழுவதும் சமைத்து, உண்டு, பெற்று, வளர்த்து, நோயுற்று, இறந்த இடத்தின் அளவும் ஒன்றாயிருக்கின்றன.

அந்த ஓரறையை மக்கள் எவ்வாறு வீடாக்கினர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பழஞ்சேலையைக் கயிற்றிற் போட்டுக் குறுக்கே கட்டினர்; திரைக்கு அப்பால் கணவனும் மனைவியும், இப்பால் பிள்ளைகள். நப்பூதனார் காட்டிய அரசனின் ஈரறை, காசு செலவில்லாமல் இங்கே கிடைத்தது. மற்றொரு சேலை உத்தரத்தில் தூளியாயிற்று. வயதுவந்த பையன்கள் முன்தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் படுத்தனர். தரையினின்று உயர்த்திக் கட்டிய லயங்களில் அடுப்பு வீட்டின் அடியிற் புகைந்தது. தரைமட்ட லயங்களில் பின்புறம் ஒரு சாய்ப்பு இறங்கியது. பெண்கள் பெரட்டுக்குப் போகும் நேரத்திற் குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குப் போயின. கோயில், சாவடி, மரத்தடி எல்லாம் வீட்டின் மிச்ச அறைகளாயின. இடத்தைத் துரை கொடுத்தார். அறைகளை மக்கள் படைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் தோட்ட வாழ்வை இனிமையாகவே நினைவுகூர்வோர் பலர் இருக்கிறார்கள். அவ்வினிமை பக்கத்து வீட்டாரால் வந்ததேயன்றி அறையால் வந்ததன்று.

ஜப்பானியர் ஆட்சியில் நிலை இதனினும் கீழிறங்கியது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் வேலைக்கு மலாயாவிலிருந்து எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். குடும்பத்தோடு சென்றாரும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளப் பாதையோரத்து முகாம்களில் அவர்களுக்கென இருந்தவை மூங்கிற் சட்டமும் அத்தாப்புக் கூரையும் கொண்ட நீண்ட கொட்டகைகள். 1943-ஆம் ஆண்டு மழையில் அவை ஒழுகின, வாந்திபேதி பரவியது. மாண்டவர் தொகை பல்லாயிரம். முகாம் என்னும் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும் முதியோர் கெடாத் தோட்டங்களில் நெடுநாள் இருந்ததற்குக் காரணம் இதுவே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விளையாட்டாகக் கூடாரமடித்துத் தங்குவதை அம்முதியோர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலைக்குப்பின் சட்டம் மெல்ல அசைந்தது. தொழிலாளர் வீடுகளின் குறைந்த அளவுத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966-இல் வந்தது. அதனிடத்திற் புதுச்சட்டம் 1990-இல் வந்தது. ஓரறை என்பது வீடாகாது என்னும் கருத்து இவ்வாறு ஏட்டில் ஏறியது. ஆனால் ஏடு முற்றுப்பெறுமுன் தோட்டமே கலைந்துகொண்டிருந்தது. சில தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை நின்றது. 1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. இளைஞர் பட்டணங்களுக்கு நகர்ந்தனர்.

மேலைநாட்டிற் கூடாரம் குடும்பத்துக்கென்று பிறந்த கதையும் தொழிலாளர் வாழ்வோடு ஒட்டியதே. பிரான்சில் 1936-இல் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. விடுமுறை கிடைத்தது, விடுதியிற் தங்கப் பணமில்லை. அக்குடும்பங்களை நோக்கி, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில், இரும்புக்குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்த பெருங்கூடாரங்கள் வந்தன. நடுவில் நிமிர்ந்து நிற்கத்தக்க கூடம், சன்னல், சமைக்க ஒரு மூலை, உள்ளே தொங்கவிட்ட இரண்டு துணி அறைகள் ஆகியவை இருந்தன. பெற்றோர்க்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. படைக் கணக்கைக் கைவிட்டு வீட்டுக் கணக்கை மேற்கொண்ட முதற்கூடாரங்களுள் இவை தலையாயவை. இரும்புச் சட்டம் கனமாயிருந்தது. 1970-களில் வளையும் கோல்களைக்கொண்ட குவிமாட வடிவம் வந்து கனத்தைக் குறைத்தது. அதனோடு ஆள் எண்ணிக்கையாகிய பழங்கணக்கும் பொதிமேல் ஏறிக்கொண்டது. இன்று கடைகளிற் கிடைப்பவை பெரும்பாலும் இவ்விரு குலத்தின் வழிவந்தவையே.

எனவே கெடாக் குடும்பம் முதலிற் செய்யத்தக்கது, அச்சிட்ட எண்ணைப் பாதியாகவோ, மிகுந்தால் மூன்றில் இரண்டாகவோ குறைத்துப் படிப்பது. ஐவர் என்றால் எண்மர்க்குரியது வேண்டும். அடுத்தது உயரம். நடுவில் 6 அடிக்கு மேலிருந்தாற்றான் சேலை உடுத்துவோர் உள்ளே நின்று உடுக்கலாம்; மண்டியிட்டுக்கொண்டு கொசுவம் வைக்க எவராலும் இயலாது. பெரும்பாலான விளம்பரங்கள் இவ்வுயரத்தை உரத்துச் சொல்வதில்லை, சிறு எழுத்தில் இட்டுவிடுகின்றன. மூன்றாவது திரை. நடுத்திரை இல்லாத கூடாரத்தையும் மலிவாக இருந்தால் வாங்கலாம். ஒரு கயிறும் ஒரு பழஞ்சேலையும் எடுத்துச்சென்றால் குறை தீரும். நடுத்திரை இருப்பதாகச் சொல்லும் கூடாரங்களிலும் அத்துணி மெலிதாயிருந்து, விளக்கேற்றினால் நிழலாட்டம் காட்டுவதுண்டு. கடையிலேயே விரித்துக் கையை வைத்துப் பார்த்துவிடுதல் நன்று.

மழையைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். குளிர்நாட்டுக்கென்று செய்த கூடாரத்தில் காற்று உள்ளே வராமற் காப்பதே நோக்கம். கெடாவில் நடுஇரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. ஒற்றைத்துணிக் கூடாரத்துள் ஐந்து பேர் மூச்சுவிட்டால், விடியலில் உட்கூரையில் நீர் திரண்டு மழை பெய்யாமலே சொட்டும். உள்ளே கொசுவலைச் சுவரும், மேலே தனிக் கூரைத்துணியும், இரண்டுக்கும் நடுவே காற்றோட இடைவெளியும் உள்ளதே இந்நிலத்துக்கு ஏற்றது. கலெக்டரின் இரட்டைக் கூரை இன்று எவர்க்கும் கிடைப்பதாயிற்று. கூரைத்துணியின் நீர்தாங்கும் ஆற்றலை மில்லிமீட்டரில் குறிப்பர். துணியின்மேல் எவ்வளவு உயர நீர்த்தூணை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதே அவ்வளவு. 1,500 என்றது தூறலுக்குப் போதும். கெடா மழைக்கு 3,000 நன்று. கூரைத்துணி தரைக்கு ஒரு சாண் வரையேனும் இறங்கவேண்டும். இடுப்பளவில் நின்றுவிடும் கூரைத்துணி, சாய்ந்தடிக்கும் மழைக்குத் தொப்பி வைத்த ஆளைப்போல நிற்கும்.

காற்றைப்பற்றித் தோட்டத்து முதியோர் நன்கறிவர். மலாக்கா நீரிணைக்கு அப்பாலிருந்து சுமத்ராக் காற்று என்னும் புயற்கோடு பெரும்பாலும் விடியற்கு முன்னரே கரையேறும். வெட்டுக்குக் கிளம்பும் வேளையில் அது வந்து மரத்தை நனைத்துவிட்டால், அன்றைய பால் போயிற்று. உயர்ந்து அகன்ற கூடாரம் காற்றுக்குப் பாய் விரித்துக்கொடுத்தாற்போலாகும். இட விரிவை விரும்பி வாங்குவோர் அதற்கேற்ப முளைகளையும் கயிறுகளையும் மிகுதியாகக் கேட்டு வாங்கவேண்டும். பொதியில் உள்ள கம்பிமுளைகள் ஆற்றுமணலில் நில்லா. மிகப்பெரிய ஒரு கூடாரத்தைவிட நடுத்தரமான இரண்டை எதிரெதிரே அடித்து, இடையே ஒரு தார்ப்பாயை இழுத்துக்கட்டுவது நல்ல முறை. காற்றுக்கும் பணியும், பாட்டிக்கும் பேத்திகளுக்கும் ஒன்று, மற்றோர்க்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்ளவும் உதவும். நடுவிலுள்ள தார்ப்பாய் நிழல் தாழ்வாரமாகும். தாழ்வாரமில்லாத வீட்டிற் தமிழ்க் குடும்பம் இருக்கப் பழகவில்லை. சமைப்பதும், உண்பதும், இரவு பத்துமணிவரை பேசுவதும் அங்கேதான்.

இடத்தேர்வில் முல்லைப்பாட்டை இக்காலத்தார் பின்பற்றலாகாது. அப்பாடி காட்டாறு சூழ்ந்த இடத்தில், அதுவும் மழைக்காலத்தில் அமைந்தது. 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் குனோங் ஜெராயின் உச்சிப்பகுதியிற் பெய்த மழை, பாறையும் மரமும் சேறுமாக இறங்கி யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கி உயிர்களைக் கொண்டது. மலாய்க்காரர் இதனை நீர்த்தலை என்னும் பொருள்பட வழங்குவர். அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதும் மேலே பெய்த மழை வந்துசேரும். 1,217 மீட்டர் உயர மலையின் சரிவிற் கீழிறங்க நீருக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. சரிவின் அடியும் பாதுகாப்பன்று. சிலாங்கூரில் பத்தாங்காலிக்கு அருகே 2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நிலச்சரிவு முகாமிட்டிருந்தோர்மேல் விழ, 31 பேர் மாண்டனர். ஆற்றுக்கு எட்ட, மண்சரிவுக்கு விலகி, அனுமதி பெற்ற முகாமிடத்தில், வண்டியை வெளிநோக்கித் திருப்பி நிறுத்திவிட்டுப் பின்னரே கூடாரப் பொதியை அவிழ்க்கவேண்டும்.

திரும்பி வந்தபின் ஒரு வேலை மிஞ்சுகிறது. மழையில் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டி வண்டியிற் போட்டுக் கொண்டுவருவோர் பலர். கெடாவின் ஈரக்காற்றில் இரண்டே நாளிற் பூஞ்சணம் பிடித்துவிடும். அதன்பின் நீர்காக்கும் பூச்சும் உரியும். அன்று மாலையே வீட்டுப் பின்புறத்துக் கொடியில் விரித்து, தைத்த ஓரங்களைத் தடவிப் பார்த்து, மணலை உதறி, நன்றாகக் காய்ந்தபின் மடித்துவைக்க வேண்டும். பெருங்கூடாரமாயிருந்தால் ஒருவர் போதாது. வீட்டார் நால்வரும் மூலைக்கு ஒருவராகப் பிடிக்கவேண்டியிருக்கும்.